பார்க்கின்சனா, இல்லையா? விடை வரும்வரை உள்ள மாதங்கள்

என் அண்ணனுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, திரும்பி வந்த ஒரு செக். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பழைய எல்.ஐ.சி. பத்திரம், வீட்டுக்கடன் தாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். பத்து வருடத்துக்கு முன் அவர் போட்ட கையெழுத்து தாளின் பாதி அகலத்துக்கு ஓடியிருந்தது. இப்போது போடுவதும் அதே எழுத்துகள்தான். ஆனால் போகப்போகச் சிறுத்து, கடைசி இரண்டு எழுத்தும் எறும்பு அளவுக்கு வந்து நின்றுவிடுகின்றன. "அவசரத்துல போட்டிருப்பேன்" என்றார். அவருக்கு வயது 54.

இரண்டு மாதம் கழித்து, டிவி பார்க்கும்போது மடியில் சும்மா கிடந்த வலது கையின் கட்டைவிரல் தானாக ஆடுவதை மதினிதான் கவனித்தார். நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பார்க்கின்சனா இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம். நீங்க சாப்பிடுற மாத்திரைல ஒண்ண நிறுத்திப் பார்ப்போம். நாலு மாசம் கழிச்சு வாங்க."

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. மறுநாள் விஷயம் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு டாக்டர் பெயர் சொன்னார்கள். என்ன நோய் என்று சொல்லத் தெரியாதவரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். எனக்கும் அன்று அந்தக் கோபம்தான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில், அந்த டாக்டர் சொன்னதுதான் நேர்மையான பதில் என்று புரிந்தது. ஏன் அப்படி, அந்த நாலு மாதத்தை எப்படிக் கடப்பது என்பதை, இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

நோய் என்ன செய்கிறது

மூளையின் நடுப்பகுதியில், அடித்தண்டு தொடங்கும் இடத்தில், கறுப்பாக ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கின்றன. நாம் நடக்கும்போது கை தானாக வீசுகிறது, பேசும்போது முகம் தானாக மாறுகிறது, சட்டை பட்டனை யோசிக்காமல் போடுகிறோம். இந்த மாதிரி அசைவுகள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு நடக்க டோபமின் வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஏன் அழிகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. பரம்பரை மரபணுவால் வருவது சிறுபான்மைதான்.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று. மூளை ரொம்ப நாள் சமாளித்துக்கொள்ளும். டோபமின் செல்களிலும் அவற்றின் நரம்பு நுனிகளிலும் பெரும்பகுதி போன பிறகுதான் வெளியே ஏதாவது தெரியத் தொடங்கும். அதனால் இந்த நோய்க்குத் தொடங்கிய நாள் என்று ஒன்று கிடையாது. மாரடைப்பு மாதிரி ஒரு நேரம் குறிக்க முடியாது. செக் திரும்பி வந்த நாளைத்தான் நாம் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறோம்.

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே பேரை. அதிலும் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள். நடையையும் கையையும் பார்த்தே அவர் இதைத் தனி நோய் என்று பிரித்தார். இருநூறு வருடம் ஆகியும், தொடக்க நிலையில் இதைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி தேர்ந்த ஒரு கண்தான். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்து அளவு சொல்வதுபோல இதற்கு வழக்கத்தில் உள்ள ரத்தப் பரிசோதனை இல்லை.

அந்த அரைமணி நேரம்

டாக்டர் அண்ணனிடம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். நன்றாக அகலமாக விரித்து, முடிந்த வேகத்தில். இடது கை பதினைந்து முறையும் ஒரே மாதிரி தட்டியது. வலது கை முதல் ஐந்து முறை நன்றாக விரிந்தது. அப்புறம் இடைவெளி குறைந்து, எட்டாவது ஒன்பதாவது தட்டில் ஒரு நொடி சிக்கி, மறுபடி சின்னதாக ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. கையெழுத்தில் நடந்ததும் இதேதான்: பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சிறுப்பது.

அடுத்து அண்ணனின் வலது மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே, இடது கையை மூடித் திறக்கச் சொன்னார். இறுக்கம் இருந்தால் இப்படிச் செய்யும்போது கை பல்சக்கரம்போல விட்டு விட்டு நகரும். பிறகு வராந்தாவில் நடக்கவிட்டார். இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்து, எத்தனை அடி பின்னால் போகிறார் என்று பார்த்தார். "இதெல்லாம் ஒரு டெஸ்டா?" என்று மதினி என் காதில் கேட்டார். ஆமாம், இதுதான் டெஸ்ட்.

உலக அளவில் நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 2015-ன் வரையறைப்படி, அசைவில் மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வில் வரும் நடுக்கமோ உடல் இறுக்கமோ ஒன்றாவது சேர வேண்டும். நடுக்கம் மட்டும் இருந்தால் போதாது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்ற நம் ஊர் நினைப்பு இரண்டு பக்கமும் தவறு.

நடுக்கத்திலும் வகை இருக்கிறது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது இரண்டு கையும் நடுங்கினால், அதுவும் அப்பாவுக்கோ அத்தைக்கோ அதே மாதிரி இருந்திருந்தால், அது பெரும்பாலும் வேறு ஒரு நடுக்கம். பார்க்கின்சனைவிட அதிகம் பேருக்கு வருவது அதுதான். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது ஆடும், ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் அடங்கும். ஒரு பக்கம்தான் தொடங்கும். நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை. இரண்டும் கலந்த மாதிரி இருப்பவர்களும் உண்டு, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேஸ் மாத்திரை

அண்ணன் தினமும் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பி.பி. மாத்திரை, கொழுப்பு மாத்திரை, அப்புறம் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. கடைசியில் சொன்னதைத்தான் டாக்டர் கையில் எடுத்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்று இன்னொன்று அதில் சேர்ந்திருந்தது. எப்போதோ பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. அண்ணன் அதே அட்டையைக் காட்டி ஒன்றரை வருடமாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லெவோசல்பிரைடு மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். டோபமின் இருந்தும் இல்லாத நிலை. அதனால் பார்க்கின்சனைப் போலவே மந்தமும் இறுக்கமும் நடுக்கமும் வரலாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநல சிகிச்சையில் உள்ள ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடியவை. வலிப்புக்கான வால்புரோயேட்டும் ஆஸ்துமா பம்பும் கையை நடுங்கவைக்கும். தைராய்டு கூடினாலும் நடுங்கும். இளம் வயதுக்காரர்களிடம் உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இருக்கிறதா என்று கண்ணையும் ரத்தத்தையும் கட்டாயம் பார்ப்பார்கள், காரணம் அது மருந்தால் கட்டுப்படும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். மனநல மருந்தையும் வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து. செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், சித்த மருந்து, லேகியம், தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள். ஒரு வருடம் முன்பு நிறுத்தியதையும் சொல்லுங்கள்.

மருந்தால் வந்தது மருந்தை நிறுத்தினால் போகும். ஆனால் ஒரு வாரத்தில் போகாது. பல மாதம் ஆகலாம். சிலருக்கு முழுதாகப் போகாது. உள்ளே சத்தமில்லாமல் தொடங்கியிருந்த பார்க்கின்சனை அந்த மருந்து சீக்கிரம் வெளியே காட்டிவிட்டது என்று அப்போது பெரும்பாலும் அர்த்தம். இரண்டில் எது என்று அன்றைக்கே சொல்ல அந்த டாக்டரால் மட்டும் இல்லை, யாராலும் முடியாது. நாலு மாதம் கழித்து வரச் சொன்னது அலட்சியம் இல்லை. அந்த நாலு மாதம்தான் பரிசோதனை.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல். பார்க்கின்சன் இருந்தாலும் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். மூளையில் நீர் கோத்திருக்கிறதா, சின்னச் சின்ன அடைப்பு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று மற்றவற்றைக் கழித்துப் பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள்.

டோபமின் நரம்பு நுனிகளையே படம் பிடிக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இதன் ஒரு வகைக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் ட்ரோடாட் என்ற பெயரில் பெரிய நகரங்களின் அணு மருத்துவ மையங்களில் எடுக்கிறார்கள். நன்றாக இருக்கும் மூளையில் இரண்டு பக்கமும் இரண்டு காற்புள்ளிகள்போலத் தெரியும். டோபமின் நுனிகள் குறைந்தால் அந்தக் காற்புள்ளியின் வால் மறைந்து, முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சும். மருந்தால் மட்டும் வந்த நடுக்கத்தில் காற்புள்ளி முழுசாக இருக்கும். ஆகவே அண்ணன் மாதிரி ஆளுக்கு இது உதவும். ஆனால் வால் மறைந்திருந்தால், அது பார்க்கின்சனா, அதன் சாயலில் வரும் வேறு அரிய நோயா என்று இந்தப் படம் பிரித்துச் சொல்லாது. ஸ்கேன் நார்மல் என்பதும் கையில் உள்ள மந்தத்துக்குக் காரணம் சொல்லாது. எனவேதான் மருந்தை நிறுத்திப் பார்ப்பது முதலில், தேவைப்பட்டால் ஸ்கேன் பிறகு என்று டாக்டர் சொன்னார். பார்க்கின்சனில் நரம்பு செல்களுக்குள் தேங்கும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தை முதுகுத்தண்டு நீரில் தேடும் பரிசோதனை பற்றி 2023-ல் பெரிய ஆய்வு வெளிவந்தது. நம்பிக்கை தரும் முடிவுகள். நம் ஊர் ஆஸ்பத்திரி வழக்கத்துக்கு அது இன்னும் வரவில்லை.

டாக்டர்கள் உறுதியாகச் சொன்னாலும்கூட முதல் சில வருடம் அதில் பிழைக்கு இடம் உண்டு. உயிரோடு இருக்கும்போது சொன்னதையும் இறந்தபின் மூளையில் பார்த்ததையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை 2016-ல் தொகுத்தார்கள். நூற்றுக்கு சுமார் 80 பேர் விஷயத்தில்தான் இரண்டும் ஒத்துப்போனது. ஆக, தெரியாது என்று சொல்லும் டாக்டர் உங்களை ஏமாற்றவில்லை.

காத்திருந்தால் முற்றிவிடுமா?

அண்ணனைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். நாலு மாதம் சும்மா இருந்து, அதற்குள் கை மீறிப் போய்விட்டால்? புற்றுநோயைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த பாடம் அப்படி. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம், தாமதித்தால் போச்சு. பார்க்கின்சனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த நோயின் முக்கிய மருந்து லெவோடோபா. நம் ஊரில் சின்டோபா என்ற பெயரில் பலருக்கும் தெரியும். அது மூளையில் டோபமினாக மாறி, குறைந்ததை ஈடு செய்கிறது. அறிகுறிகளை நன்றாகக் குறைக்கும். ஆனால் செல்கள் அழிவதை அது நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை, வேறு எந்த மருந்தும் இதுவரை அப்படி நிரூபிக்கப்படவில்லை. 2019-ல் நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வில் 445 புது நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே லெவோடோபா, மறு பாதிக்கு 40 வாரம் கழித்து. 80 வாரம் முடிந்தபோது இரண்டு கூட்டமும் ஒரே நிலையில் இருந்தது. தாமதமாகத் தொடங்கியவர்கள் எதையும் நிரந்தரமாக இழக்கவில்லை, முன்பே தொடங்கியவர்களுக்கும் கேடு வரவில்லை.

இதை நான் அண்ணனிடம் சொன்ன அன்றுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. காத்திருப்பதால் வாய்ப்பு எதுவும் நழுவுவதில்லை. அதே சமயம், வேலை செய்ய முடியாத அளவுக்கு மந்தம் இருந்தால் மருந்தை ஒத்திப்போட்டுக் கஷ்டப்படவும் வேண்டியதில்லை. மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதே சிலருக்கு டாக்டர்கள் செய்யும் பரிசோதனையாகவும் ஆகிறது. போதிய அளவில் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தால்தான் அது கணக்கு. யாரோ கொடுத்த அரை மாத்திரையை இரண்டு நாள் போட்டுப் பார்த்து முடிவுக்கு வருவது பயன் தராது.

இங்கே பூனைக்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் வாரத்திலேயே பெரியம்மா மகன் ஒரு டப்பா பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். அதில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது, அது உண்மை. அதனால்தான் பயப்பட வேண்டும். எத்தனை மில்லிகிராம் போகிறது என்று தெரியாமல் சாப்பிட்டால் குமட்டலும் தலைசுற்றலும் ஒரு பக்கம், நாலு மாதம் கழித்து டாக்டர் பார்க்கும்போது கை தேறியிருப்பது கேஸ் மாத்திரையை நிறுத்தியதாலா பொடியாலா என்று தெரியாமல் போவது இன்னொரு பக்கம். டப்பாவை வாங்கி வைத்தோம், நன்றி சொன்னோம், திறக்கவில்லை.

விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பது

டாக்டரைப் பார்த்து வந்த முதல் மாதம் அண்ணன் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் விரலைத் தட்டுவார். கண்ணாடி முன் நின்று கையை நீட்டுவார். காபித்தூள் டப்பாவைத் திறந்து மணக்கிறதா என்று மோந்து பார்ப்பார், ஏனென்றால் வாசனை தெரியாமல் போவதும் ஓர் அறிகுறி என்று இரவு இரண்டு மணிக்கு எங்கோ படித்திருக்கிறார்.

பயந்தால் உடம்பில் அட்ரினலின் கூடும். அட்ரினலின் கூடினால் எந்த நடுக்கமும் கூடும். நடுங்குகிறதா என்று பயந்து பார்த்தால் நடுங்கத்தான் செய்யும், அதைப் பார்த்து மறுபடி பயம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அளப்பதால் எதுவும் தெரியாது, செடி வளர்ந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது மாதிரிதான்.

வாசனை, மலச்சிக்கல் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கின்சன் வந்தவர்களில் பலருக்கு வருடக்கணக்கில் முன்பே இவை இருந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் சைனஸ், கோவிட், வயது என்று வாசனை குறைய ஆயிரம் காரணம். மலச்சிக்கல் இல்லாத வீடே கிடையாது. இவை தனியாக எதையும் சொல்லாது. தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கத்துவது, உதைப்பது, பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுவது, இது மட்டும் வேறு மாதிரி, பார்க்கின்சனுக்கு முன்னறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது தூங்குபவருக்குத் தெரியாது, துணைக்குத்தான் தெரியும். டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டிய சேதி.

கடைசியில் டாக்டரையே போனில் கேட்டு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை காபிக்கு அப்புறம். நான் போனில் வீடியோ எடுப்பேன். இரண்டு கையாலும் விரல் தட்டுவது, மாடி வராந்தாவில் போய் வருவது, வீட்டு முகவரியை ஒரு தாளில் நாலு முறை எழுதுவது. மொத்தம் ஐந்து நிமிடம். தாளில் தேதி போட்டு ஃபைலில் வைத்துவிடுவோம். மற்ற நாள்களில் பார்ப்பதில்லை. கை தானாக மேஜைக்கு அடியில் போனால் மதினி, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று மட்டும் கேட்பார். டாக்டருக்கும் இந்த வீடியோ உதவும். அவர் அறையில் இருக்கும் பத்து நிமிடப் பதற்றத்தில் தெரியாதது இதில் தெரியும்.

விடை வராமலே செய்யக்கூடியவை

ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்து, பார்க்கின்சன் என்றால் செய்ய வேண்டியது ஒரு பக்கம், இல்லை என்றால் செய்ய வேண்டியது மறு பக்கம் என்று எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதியபோது பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. உடற்பயிற்சி, தூக்கம், பி.பி. கட்டுப்பாடு, தேவையில்லாத மாத்திரையைக் குறைப்பது.

உடற்பயிற்சியைப் பற்றி நான் அழுத்திச் சொல்வேன். 2018-ல் அமெரிக்காவில், இன்னும் மருந்து தொடங்காத தொடக்க நிலை நோயாளிகள் 128 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். டிரெட்மில்லில், இதயத்துடிப்பு அதன் உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை போகும் அளவுக்கு வேகமாகப் பயிற்சி செய்தவர்களிடம், ஆறு மாதத்தில் அறிகுறிகள் அநேகமாக அதே இடத்தில் நின்றன. வழக்கம்போல இருந்தவர்களிடம் கொஞ்சம் கூடியிருந்தன. சிறிய ஆய்வுதான், நோயைத் தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கின்சன் இல்லாவிட்டாலும் இந்த நடையால் நஷ்டம் எதுவும் இல்லை. அண்ணன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கிறார். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு.

பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். அண்ணன் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தார். மதினி ஒரே பிடியாக நின்று தடுத்தார். எனக்கு அதில் முழுச் சம்மதம். பார்க்கின்சனே என்றாலும் முதல் பல வருடங்கள் மருந்தோடு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்க நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல், 29 வயதில், இந்த நோய் என்று சொன்னார்கள். அதன்பிறகும் பல வருடம் நடித்தார், 2000-ல் இதற்கென்று ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கினார். எல்லோருக்கும் அதே போக்கு இருக்கும் என்று சொல்ல வரவில்லை. கண்ணை மூடினால் சக்கர நாற்காலி மட்டும் தெரிகிறவர்களுக்கு வேறொரு படமும் உண்டு என்று காட்டத்தான் சொல்கிறேன். இன்னொன்று: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாளைக்குத் தேவைப்பட்டால் அந்தக் கதவு இருக்கிறது.

மனசு சோர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பயம், அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் காத்திருப்பதால் வரலாம். டோபமினோடு சேர்ந்த மாற்றத்தாலும் வரலாம், பார்க்கின்சனில் மனச்சோர்வும் பதற்றமும் நோயின் பகுதியாகவே வருவதுண்டு. எப்படி வந்தாலும் அதற்குச் சிகிச்சை உண்டு. கையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க நாங்கள் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் மிகவும் உதவியது இது: "எது வந்தா நாலு மாசம் வரைக்கும் காத்திருக்காம உடனே வரணும்?" அவர் சொன்னார்: அடிக்கடி விழுவது, எழுந்து நின்றால் மயக்கம் வருவது, சாப்பாடு புரையேறுவது, படி இறங்கும்போது கீழே பார்க்கச் சிரமம், இல்லாதது கண்ணில் தெரிவது, ஒரு வாரத்துக்குள் நிலைமை சட்டென்று மாறுவது. அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் உள்ளது எதுவும் வராத நாள் நல்ல நாள் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் தவறில்லை, அசைவுக் கோளாறில் தனிப்பயிற்சி பெற்றவராக இருந்தால் நல்லது. ஆனால் ஐந்து பேரிடம் போனால் ஐந்து பதில் வரும், பயம்தான் மிஞ்சும்.

கூட இருப்பவர்களுக்கு ஒன்று. "ஒண்ணும் இருக்காது, தைரியமா இரு" என்று நான்தான் முதலில் சொன்னேன். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அவர் மனதில் இருந்தது. அதன்பிறகு, "தெரியலண்ணே, ஆனா நான் கூட வரேன்" என்று சொல்லப் பழகினேன். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அவரிடமே விட்டோம். அலுவலகத்தில் ஒரே ஒரு நண்பரிடம் சொன்னார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலு மாதம் முடிந்து போனோம். கட்டைவிரல் ஆடுவது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. நடையில் வலது கை கொஞ்சம் வீசத் தொடங்கியிருக்கிறது. விரல் தட்டும்போது சிறுப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டர் நாலு வீடியோவையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாதம், அப்போதும் இப்படியே இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். சரி என்று வந்துவிட்டோம். வரும் வழியில் பேசிக்கொண்டுதான் வந்தோம்.

மறுநாள் அண்ணன் வங்கிக்குப் போய்ப் புதிதாகக் கையெழுத்து மாதிரி பதிந்துகொடுத்தார். பழையபடி நீளமாகப் போட முயலவில்லை. இப்போது எப்படி வருகிறதோ அப்படியே, சின்னதாக. மூன்று இடத்தில் போடச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போயின.